பதினேழாம் குப்பி

— பதினேழாம் குப்பியை இன்னொரு தடவை கதிரியக்கத்தை எண்ணற பெட்டிக்குள்ள வைங்க, டாக்டரம்மா.

— மூணு தடவை வச்சாச்சு, எர்மேதே. மூணு தடவையும் அதே கணக்குதான். நிமிஷத்துக்கு இருநூத்துக்குக் குறையவே மாட்டேங்குது.

— அதுல வெறும் தண்ணிதானே?

— ஒப்பிட்டுப் பார்க்க வச்ச வெறும் தண்ணிதான். பதினேழுல வேற எதை ஊத்துவேன்? ராசியில்லாத நம்பர்ல சாம்பிளை வச்சா, நீதான் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியே!

— என் மேல ஏன் பாயறீங்க? தண்ணிக்குள்ள ட்ரிட்டியம் எப்படி வந்துச்சுன்னு யோசிங்க. நியூட்ரான் அடிச்சா ட்ரிட்டியம் பெத்துத் தர்ற நம்ம லித்தியம் உருண்டை எதையும் அதுல கரைக்கல. நியூட்ரான் அது பக்கமே போகல.

— அதான் எனக்கும் புரியல.

— வழக்கமா தண்ணிக் குப்பியை நான்தான் முந்தின நாளே ஊத்தி மூடி வைப்பேன். இன்னைக்கு யார் ஊத்தினது?

— நான்தான். ரயில் ஸ்ட்ரைக்குன்னு நீ பதினோரு மணிக்கு ஆடி அசைஞ்சு வந்தே. வியாழக்கிழமை ஆறு நாட்டு ஆளுங்க வந்து நிக்கப் போறாங்க. நம்ம உருண்டையை நம்பித்தான் இணைவு உலைக்குச் சுவரே கட்டப் போறாங்க. நான் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கவா?

— கொஞ்சம் இருங்க. கையுறையைக் கழட்டுங்க. இடது கை.

— ஏன்? இது என் ராசி வாட்ச். ரோம்ல ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில வாங்கினேன். மறுநாள் இந்த வேலைக்குப் பரீட்சை. நானூறு பேர்ல மூணு பேர் தேறினோம். அதுலேர்ந்து முக்கியமான நாள்னா இதைத்தான் கட்டுவேன்.

— தெரியும். இதைக் கட்டின நாள்ல எல்லாம் கணக்கு அமோகமா வரும். கட்டாத நாள்ல?

— போன வருஷம் பட்டை அறுந்து ரிப்பேருக்குப் போனப்ப ஒரு தடவை குறைஞ்சுது. ஏதோ தப்புன்னு தூக்கிப் போட்டுட்டேன். ஏன்டா அப்படிப் பார்க்கறே?

— லைட்டை அணைக்கிறேன். பாருங்க, முள்ளு பச்சையா மின்னுதா? இப்ப லைட்டைப் போட்டாச்சு. ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்துல என்ன இருக்கு?

— டி... கடவுளே! முள்ளுல ட்ரிட்டியம் பூசியிருக்கு!

— ஒன்பது வருஷமா துளித் துளியாத் தேடற சரக்கை மணிக்கட்டுலயே கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. கண்ணாடி ஓரத்துல விரிசல் வேற. திறந்த குப்பி மேல கை போறப்பல்லாம் கசிஞ்சிருக்கு.

— சிரிக்காதே. ஒண்ணு புள்ளி மூணுன்னு கட்டுரை போட்டிருக்கேன். உலையில ஒரு ட்ரிட்டியம் எரிஞ்சா, நம்ம உருண்டை அதுக்கு மேலயே பெத்துத் தரும்னு ஊர் ஊராப் போய் சொல்லியிருக்கேன். அதெல்லாம் இந்த வாட்ச் போட்ட பிச்சையா?

— இருக்கலாம்.

— நிஜக் கணக்கு ஒண்ணுக்குக் கீழே இருந்தா? உலகம் பூரா இருக்கிற ட்ரிட்டியத்தை ஒரே ஆள் முதுகுல தூக்கிடலாம், எர்மேதே. அதுவும் பன்னிரண்டு வருஷத்துல தானாவே பாதியாயிடும். எரிச்சதை உலையே திரும்பப் பெத்துக்கலேன்னா, அந்த அடுப்பு ஒரு வருஷம்கூட எரியாது.

— கெட்டது பலிக்காம இருக்க இரும்பைத் தொட்டுட்டுப் பேசுங்க. கரைச்ச உருண்டை மிச்சம் இருக்கா?

— பெரிய சீசாவுல இருக்கு. வெள்ளிக்கிழமை நீ மூடி வச்சது. நான் இன்னைக்கு எடுத்தது சின்னதுலேர்ந்து. பெரிசைத் தொடவே இல்ல.

— அது போதும். நீங்க பக்கத்து அறைக்குப் போங்க. கோட்டையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க.

— என் ஆய்வுக்கூடத்துலேர்ந்து என்னையே விரட்டறியா?

— வாட்சைத்தான் விரட்டறேன். நீங்க துணைக்குப் போறீங்க, அவ்வளவுதான்.

— சரி, வந்துட்டேன். கதவை மூடியாச்சு. மைக்கில பேசு.

— கேட்குதா? புதுக் குப்பி, புதுத் தண்ணி. வச்சுட்டேன்... சுத்தம். ஒண்ணுமே இல்ல.

— அப்ப வாட்ச்தான்.

— வாட்ச்தான். இப்ப உருண்டை. பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ஏதாவது பேசுங்க டாக்டரம்மா.

— என்னத்தைப் பேச? முதல் தடவை எண்ணினப்ப நான் அழுதேன், தெரியுமா? லித்தியம் அணு ஒண்ணு அடி வாங்கி ரெண்டாப் பிளக்குது. அதுல ஒரு துண்டு, போன வாரம் வரைக்கும் இந்த உலகத்துலயே இல்லாத அணு. அது சாகறப்ப குப்பிக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சத்தை விட்டுட்டுப் போகுது. அதைத்தான் உன் பெட்டி எண்ணுது. நாம கடுகு மாதிரி ஒரு உருண்டையைச் சுட்டு வச்சோம், எர்மேதே. அதுக்குள்ளேர்ந்து வெளிச்சம் வருது! நம்ம கையால!

— டாக்டரம்மா...

— இரு. ஒண்ணுக்குக் கீழேன்னாலும் நானே வியாழக்கிழமை எழுந்து நின்னு சொல்லிடறேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிடறேன்.

— வாங்கத்தான் வேணும். அதுல போட்டது தப்பு.

— எவ்வளவு தப்பு? சொல்லித் தொலை.

— கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.

— எர்மேதே!

— ஒண்ணு புள்ளி பூஜ்யம் ஏழு. எரியறதைவிடப் பிறக்கறது அதிகம், டாக்டரம்மா.