கார்க் ஒட்டிய பக்கம்

கார்க் ஒட்டுவதில் அவசரம் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். கம் தடவிப் பத்து நிமிஷம் ஆறப்போட வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் கார்க்கை வைத்து அழுத்த வேண்டும். உங்கள் மேசையில் கிடக்கிற அந்த டைல்ஸில் கார்க் உரிந்ததற்கு நான் பொறுப்பில்லை. வாங்கிய சென்னைக்காரி அதைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். டம்ளருக்கு அடியில் வைக்கிற சாமானை யாராவது ஊறப்போடுவார்களா?

நான் செங்கமலம், குரும்பலூர். விக்கிரமங்கலத்தில் என் தம்பி சிங்காரவேலுவின் பெண்டாட்டி சத்யப்பிரியா களிமண்ணைத் தட்டி, பூ வரைந்து, கொல்லையிலேயே சுட்டு எடுப்பாள். தம்பி வாரம் ஒரு பெட்டி கொண்டுவருவான். மேசையில் கீறல் விழாமலிருக்க அடியில் கார்க் ஒட்டிச் சென்னைக் கடைக்கு அனுப்புவது என் வேலை. பூ அவளுக்கு நன்றாக வரும். அதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பி.எஸ்சி. படித்தவளாம், என்னை வாய்நிறைய அண்ணி என்று கூப்பிடத் தெரியும், ஒரு ரசம் வைக்கத் தெரியாது.

சித்திரையில் ஒரு நாள் தூசி துடைக்க ஒரு டைல்ஸைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. 'போனைப் புடுங்கிட்டாரு. எங்கம்மாகிட்ட சொல்லுங்க.' கீழே ஒரு நம்பர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. புருஷன் போனை வாங்கி வைத்தால் ஊருக்கே தண்டோரா போடுவதா? வாங்குகிறவர்கள் பார்த்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும். கம் தடவி ஒட்டிவிட்டேன்.

அடுத்த வாரம், 'வெளிய பூட்டிட்டுப் போறாரு.' ஒட்டினேன். அதற்கடுத்த வாரம், 'வயித்துல உதைச்சுட்டாரு. மூணு மாசமா முழுகாம இருக்கேன்.' முழுகாமல் இருந்தால் முதலில் எங்களிடமல்லவா சொல்ல வேண்டும்? இவள் டைல்ஸிடம் சொல்கிறாள். அதையும் ஒட்டினேன்.

விசாரிக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. தம்பியிடம் கேட்டேன்.

"சத்யா எப்புடிடா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்காக்கா. சோம்பேறி, படுத்தே கெடக்கா."

"சரி, சாப்ட்டுட்டுப் போ."

தாயில்லாமல் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என்னிடம் பொய் சொல்ல மாட்டான். போலீஸ், கோர்ட் என்று அவன் அலைவதைப் பார்க்கிற சக்தி எனக்கு இல்லை, மேடம். அவன்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

கடைசிப் பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. 'ரத்தம் நிக்கல' என்று நான்கு டைல்ஸில் எழுதியிருந்தாள். ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்வது? எழுத்தும் கோணல்மாணல். பின்பக்கம்தானே என்கிற அலட்சியம். நான்கையும் ஒட்டி, கார்க்கின் ஓரத்தைப் பிசிறில்லாமல் நறுக்கினேன். வெள்ளிக்கிழமை அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சல் என்று தம்பி சொன்னான். சாவுக்குப் போய் நானும் அழுதேன்.

படித்தும் புத்தி இல்லாதவள். டைல்ஸுக்கு அடியில் கார்க் ஒட்டுவது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். என் கையைத் தாண்டினால் அந்தப் பக்கத்தை ஒருத்தரும் பார்க்க முடியாது என்றும் தெரியும். தெரிந்தும் போய் அங்கே எழுதியிருக்கிறாள் பாருங்கள்.

ஊறி உரிந்த அந்த ஒன்றும், கடையிலிருந்து வரவழைத்து நீங்கள் உரித்தவையும் சேர்த்து ஏழு. எட்டாவது ஒன்று இருக்கிறது. அது என் வீட்டில், காபி டம்ளருக்கு அடியில் கிடக்கிறது. கடைசிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருந்தாள். அதில் நம்பர் கிடையாது. 'அண்ணி, நீங்களாவது வாங்க' என்று மட்டும் இருந்தது. சென்னையில் இவளுக்கு எந்த அண்ணி இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கு மட்டும் இரண்டு தடவை கம் போட்டேன்.