ஒரு விரல் இடைவெளி

அகலமான டயர் போட்டால் பிக்கப் வண்டி அழகாகத்தான் இருக்கும், ஐயா. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஒல்லியான ஆள் நாலு மாதம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பது போல வண்டிக்கே ஒரு களை வந்துவிடும். மாப்பிள்ளைக்கும் அந்த ஆசைதான். டயர் கடைக்காரனை மாமனாராக வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய்க் கேட்பார்? என் கடைக்குத்தான் வந்தார்.

"ரிம் கம்பெனி குடுத்ததே இருக்கட்டும் மாமா. டயரை மட்டும் அகலமா போட்டுடுங்க."

"ரிம் சின்னது மாப்பிள்ளை. டயர் உள்பக்கமா பிதுங்கும். திரும்புறப்ப எதையாவது உரசும்."

"உங்ககிட்ட எதைக் கேட்டாலும் முதல்ல ஒரு முடியாது வரும். அப்புறம் நீங்களே செஞ்சு குடுப்பீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் எதிரில் இருப்பவருக்கும் சிரிப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது.

நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் வந்தால்கூடக் குரல் உயராது. அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. மலைக்கு அந்தப் பக்கம் காய்கறி ஏற்றும் வேலை கிடைத்துவிட்டது, அங்கேயே வீடும் பார்த்தாயிற்று என்றார். பாப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

பாப்பா என்றால் என் மகள். முப்பதை நெருங்குகிறாள், ஆனாலும் எனக்குப் பாப்பாதான். அவள் அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று இருந்தோம். கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தாள். மாலையானால் கடைக்கு வந்துவிடுவாள். பஞ்சரான டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடிப்பாள். அவள் வராத மாலையை நினைத்துப் பார்த்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, பயந்துவிட்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அகல டயர் மாட்டிய வண்டியை அப்படியே அனுப்ப மாட்டோம். இரண்டு ஆட்கள் முன் பம்பரில் ஏறி நின்று அமுக்குவார்கள். பாப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிப்பாள். நான் கீழே படுத்து, டயருக்கும் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்க்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பேன். விரல் நுழையவில்லை என்றால் குழாயை ஒதுக்கி ஒரு கிளிப் போடுவேன். சின்ன கிளிப், ஐயா. கீழே விழுந்தால் தேட வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளையின் வண்டிக்கு மாட்டியபோதும் அவள் கடையில்தான் இருந்தாள்.

"அப்பா, நான் ஏறி ஒடிக்கவா?"

"வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன். நீ போய் சாமானைக் கட்டு."

போய்விட்டாள். வண்டி காலியாக நின்றது. விரல் தாராளமாக நுழைந்தது. பாரம் ஏற்றி, இறக்கத்தில் பிரேக் பிடித்து, முன்பக்கம் அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் நுழையாது. அது எனக்குத் தெரியும். டப்பாவிலிருந்து கிளிப்பை எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஏறும்போதே உரசும், எண்ணெய் ஒழுகும், வண்டி வழியில் நின்றுவிடும், இந்த மலைப்பாதை நமக்குச் சரிப்படாது என்று அவர் திரும்பி வந்துவிடுவார், பாப்பாவும் இங்கேயே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இறக்கத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பிப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் சாமானோடு முன்னால் போவது, பாப்பா மறுநாள் பஸ்ஸில் போவது என்றுதான் பேச்சு. காலையில் சாமான் ஏற்றி முடித்ததும் அவளும் முன் சீட்டில் ஏறினாள்.

"பஸ்ஸுல போறதா சொன்னியேம்மா?"

"இவர் தனியா போனா தூங்கி வழிவாருப்பா. நான் பேசிக்கிட்டே போறேன்."

கதவைச் சாத்தினாள். என் கையில் காற்றடிக்கும் குழாய் இருந்தது. இறங்கு என்று ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாளே. அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? "பார்த்து, மெதுவா போங்க மாப்பிள்ளை" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்றம் முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் ஏறியிருக்கிறது. மலையின் அந்தப் பக்கம் இறங்கும்போது, ஒரு வளைவில், பிரேக் பெடல் தரை வரை போய்விட்டதாம். பழைய வண்டி, ஒரு குழாய் அறுந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். மாப்பிள்ளை ஒரு கையை நீட்டிப் பாப்பாவின் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டாராம். அவள்தான் சொன்னாள். அவர் அங்கேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவருக்காக நான் வாய்விட்டு அழுதேன், ஐயா. அது நடிப்பில்லை.

இப்போது தன் பழைய அறையில் இருக்கிறாள். நானே சமைக்கிறேன், ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முன்பு போல ஊர்க்கதை சொல்வதில்லை. சில நாள் முன்னால் அவளாகவே வாய் திறந்தாள்.

"அப்பா, பம்பர்ல ஆள் ஏத்தி ஒடிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பாப்பா."

"ஸ்டியரிங்ல யார் உட்கார்ந்தா?"

எனக்குச் சட்டென்று ஒரு பெயரும் வாயில் வரவில்லை. அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் அவள்தான் என்று தெரியும். கோபமில்லை. எனக்குத் தண்டனை வாங்கித் தர அவளைவிட உரிமையுள்ளவர் யார் இருக்கிறார்கள்?

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவள் வண்டியில் ஏறியதைப் பார்த்த பிறகும் தெரிந்தேதான் நின்றேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக மட்டும் பேசுங்கள், உள்ளே தூங்குகிறாள்.

அந்த மூலையில் நிற்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி. புதிதுதான், இன்னும் ஏறி உட்காரவில்லை. அவள் அறை வாசல் குறுகல், நாற்காலி நாலு விரல் அகலம் கூடுதல். வந்த அன்றே அளந்து பார்த்துவிட்டேன். கதவு நிலையைப் பெயர்த்து அகலமாக வைத்துத் தருகிறேன், அரை நாள் வேலைதான் என்று தச்சர் இரண்டு தடவை வந்து கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அவள் எங்கேயும் போகப்போவதில்லையே, ஐயா.