பாசிர் ரிஸ் பெண்ணின் பந்தயப் பருவம்

அவைக்குத் தலைமை தாங்கும் நம் ரசிகர் மன்றத் தலைவர் காதர் மைதீன் ஐயா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே, சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சிராங்கூன் சாலைக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் சிவதர்ஷினியின் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, நான் எழுதி எடுத்துக்கொண்டு வந்து நிற்பது கொஞ்சம் அதிகம்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கிய அன்றும் மேடை ஏறினேன். அங்கே சிரித்தால் போதுமாக இருந்தது. இங்கே பேசச் சொல்லிவிட்டார்கள்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் பாசிர் ரிஸ் பெண், பத்தொன்பது வயது ரக்ஷனா, அடுத்த மாதம் மீண்டும் பந்தயக் காரில் ஏறுகிறாள். எல்லாப் பந்தயமும் சிங்கப்பூரைத் தாண்டி, மலேசியாவின் ஜொகூர்த் தடத்தில்தான். பருவ முடிவில் மொத்தப் புள்ளிகளில் முதல் மூவருக்குள் வந்தால், அடுத்த ஆண்டு பெரிய காரில் அவளுக்கு இடம் உண்டு. வராவிட்டால், இப்போது இருக்கும் இருக்கையும் வேறொருவருக்குப் போய்விடும். அணிக்காரர்கள் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்கள். சென்ற ஆண்டு அவள் நான்காவது.

முடியுமா என்று கேட்கிறார்கள். வேகத்தை விரும்பி, விழுந்து, வியர்த்து, விடாமல் பழகியவளால் முடியுமா? மழையிலும் வெயிலிலும் மனம் தளராதவளால் முடியுமா? முடியும் என்பதற்கு நான் புள்ளிவிவரம் சொல்லப்போவதில்லை. எலுமிச்சம்பழக் கதையைச் சொல்கிறேன்.

அண்ணாதுரை மாமா தலையைக் குனிய வேண்டாம். அன்பினால் செய்ததுதானே.

சென்ற ஆண்டு முதல் பந்தயம். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். பந்தயக் காருக்கும் அதைச் செய்துவிட்டார் மாமா. நம் மெக்கானிக் பிரேம் துணியோடு ஓடிவந்தார்.

"அங்கிள், என்னா இது? இப்பத்தான் டயருக்குச் சூடேத்தி வெச்சேன்."

"நாலு டயருக்கு நாலு பழம், பிரேமு. கண்ணு படக்கூடாதுல்ல."

"கண்ணும் படாது, ரோடும் படாது அங்கிள். வழுக்கும் லா."

அதற்குள் காரடியில் ஏதோ ஈரமாக வழிவதைப் பார்த்துவிட்டார் தட அதிகாரி. எண்ணெய்க் கசிவு என்று காரை நிறுத்திவிட்டார். விரலால் தொட்டார். முகர்ந்தார். பிறகு எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "லீமாவ்?" என்று மலாயில் கேட்டார். ஆமாம், எலுமிச்சைதான் என்றார் மாமா, பெருமையாக. துடைத்து முடிப்பதற்குள் மற்றக் கார்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாகக் கிளம்பினாள் நம் பெண். வளைவுக்கு வளைவு நெருங்கினாள். நேர்சாலையில் நெருக்கினாள். ஒவ்வொருவராக முந்தினாள். முடிவில் ஐந்தாவதாக வந்தாள். எலுமிச்சம்பழத்தையே முந்தியவள், இந்த ஆண்டு முன்னால் போகிறவர்களை முந்த மாட்டாளா? மூன்றாம் இடத்தை எட்ட மாட்டாளா?

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தையும் சொல்ல வேண்டும்.

அன்று ஒருவர் வீட்டில் கல்யாணம். ஒருவருக்கு ஜூரோங்கில் ஓவர்டைம். ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆள் சேராததால் மன்றப் பேருந்தை ரத்து செய்தோம். நம் இருக்கைகளில் அவள் அம்மா முத்தாயியும் நானும் மட்டும். தலைக்கவசம் மாட்டுவதற்கு முன் ரக்ஷனா நம் பக்கம் ஒருமுறை பார்ப்பாள். அன்றும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆள் இல்லாததால் தோற்றாள் என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தது, கார் சுழன்றது. நாம் நூறு பேர் நின்று கத்தியிருந்தாலும் சுழன்றிருக்கும். ஆனால் இறங்கி வந்தவள் மழையைப் பற்றிப் பேசவில்லை. "பஸ் வரலையாம்மா?" என்றாள். "எல்லாருக்கும் வேலைடி" என்றார் முத்தாயி அம்மா. "ஓகேம்மா" என்று கையுறையைக் கழற்றினாள். அவ்வளவுதான்.

இந்த ஆண்டும் கடைசிப் பந்தயம்தான் முடிவு செய்யும். அதுவரை அவள் போட்டியில் இருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாததால்தான் இவ்வளவு முன்னதாகவே கேட்கிறேன். அட்டவணை வந்துவிட்டது. கடைசிப் பந்தயம் நவம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. கைப்பேசியில் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அன்று தீபாவளி.

சலசலப்பு இங்கே கேட்கிறது. "வீட்ட விட்டு எப்படிம்மா வர்றது?" நியாயமான கேள்வி. தலைவர் சிரிக்கிறார். ஐயா, உங்களுக்கு இந்தச் சாக்கு இல்லை.

முத்தாயி அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். "அன்னிக்கி சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாம் வருவாங்களே தர்ஷினி. கதவப் பூட்டிட்டா வர முடியும்?" என்றார். பெற்ற தாயே வர முடியாத நிலை. யார் அந்தச் சொந்தக்காரர்கள்? யார் அந்தத் தெரிந்தவர்கள்? அண்ணாதுரை மாமா, நீங்கள். இரண்டாம் வரிசை அத்தைமார்களே, நீங்கள். இந்த மண்டபம் முழுக்க நீங்கள்தான்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். தீபாவளியன்று யாரும் பாசிர் ரிஸ் வீட்டுக்குப் போகாதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். சாமி கும்பிடுங்கள். புதுத்துணியோடு இங்கே பக்கத்து ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வந்து பேருந்தில் ஏறுங்கள். முறுக்கு டப்பா மடியில் இருக்கட்டும். மறுநாள் திங்கட்கிழமை பொது விடுமுறை. வீடு வீடாகப் போவதை அன்று வைத்துக்கொள்வோம். முத்தாயி அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டுமா? கடற்பாலம் தாண்டி வந்து, ஜொகூரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. இது பிப்ரவரி மாதம்தான். இருந்தாலும் முதல் ஆளாக நானே சொல்லிவிடுகிறேன். தீபாவளி நல்வாழ்த்துகள். வணக்கம்.