பந்தைத் தொடாத எழுபத்தாறாம் இலக்கம்

தலைமை வகிக்கும் எமது விளையாட்டுக் கழகத் தலைவர் சிவகுரு அண்ணை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வசீகரன் அண்ணையின் தாயார் இரஞ்சிதம் அம்மா அவர்களே, நெடுந்தீவிலிருந்தும் அனலைதீவிலிருந்தும் படகேறி வந்திருக்கும் கழகத்தவர்களே, புளியங்கூடல் மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். கழகத்தின் செயலாளராக நிருஜா பேசுகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததை வாசிக்கிறேன், பொறுத்தருளுங்கள்.

முதலில் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'உலகப் புகழ் உதைபந்தாட்ட வீரர் அமரர் ஏரம்பு வசீகரன்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் உருண்டைப் பந்தும் போட்டிருக்கிறோம். வசீகரன் அண்ணை உதைபந்தாட்ட வீரர் அல்லர். அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. அந்தப் பந்து இரு முனையும் கூரானது. அந்தப் பந்தையும் அவர் தொட்டதில்லை!

ஏழு வயதில் இந்த ஊரைவிட்டுக் கனடா போனவர் அவர். உடம்பைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு எடுத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று புலமைப்பரிசில் கொடுத்தது. படிப்பு முடிந்தபோது எந்தத் தொழில்முறை அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. தானே போய்க் கேட்டார். இரண்டு அணிகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது அணி வைத்துக்கொண்டது. எட்டு ஆண்டுகள், தொண்ணூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள், சட்டையில் எழுபத்தாறாம் இலக்கம். அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஏரம்பு! தெற்கே காலி நகரில் கடை எரிந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய அவருடைய அப்பாவின் பெயர், எழுபதாயிரம் பேர் பார்க்க அந்த முதுகில் ஏறி நின்றது.

அவர் திரும்பி வந்த புதிதில் சந்தியில் நடந்த பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

"எத்தினை கோல் அடிச்சனீர், தம்பி?"

"ஒண்டுமில்லை, அண்ணை. நான் பந்தைத் தொடுறேல்லை."

"அப்ப என்ன கோதாரிக்கு உம்மைச் சம்பளம் குடுத்து வைச்சிருந்தவங்கள்?"

"எனக்குப் பின்னால ஒருத்தன் பந்தோட நிப்பான். அவனில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. அதுதான் என்ர வேலை."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். முன்வரிசையில் நிற்பவரின் பெயரை யாரும் கூவுவதில்லை என்று அவர் எனக்குச் சொன்னார். அவர் விதியை மீறினால் மட்டும் நடுவர் ஒலிபெருக்கியில் அவருடைய இலக்கத்தைச் சொல்வாராம். அப்போதுதான் மைதானம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்க்குமாம்.

ஓர் ஆட்டத்தில் அறுபது தடவை எதிரில் நிற்பவரோடு மோத வேண்டும். பயிற்சியிலும் மோத வேண்டும். பெரிய அடிகள் அவருக்கு நினைவிருந்தன. சின்ன அடிகளை யார் நினைவில் வைத்தார்கள்? தலை சுற்றிய நாட்களிலும் அவர் சொல்லவில்லை. "சொன்னா என்ர இடத்தில வேற ஒருத்தன் நிப்பான், தங்கச்சி" என்றார்.

அவருடைய வெளிநாட்டு வைத்தியர்கள் எழுதிய கடிதத்தை இரஞ்சிதம் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவள் நான். நடை தடுமாறும், நாக்குக் குழறும், பெயர்கள் மறக்கும், திடீரென்று கோபம் வரும் என்று அதில் இருந்தது. தலையில் பட்ட அடிகளே காரணமாக இருக்கலாம், ஆனால் இறந்த பின் மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும் என்றும் இருந்தது. நாம் சோதிக்கவில்லை. கிணற்றடியில் சரிந்தவரை அடுத்த நாளே தகனம் செய்துவிட்டோம். "ஊருக்குச் சொல்லாதையும். விசரன் எண்டுவினம்" என்று அவர் கேட்டிருந்தார். நான் சொல்லவில்லை. நேற்று எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்ததும் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "சொல்லு பிள்ளை. வெறியன் எண்ட பேரோட அவன் போகக்கூடாது" என்றார்.

ஆம், வெறியன் என்றோம், குடிகாரன் என்றோம். இவ்வருடத் தேர்த் திருவிழாவன்று அவர் காலையிலிருந்து விரதம். வெறும் மேலோடு வெயிலில் வடம் பிடித்து நின்றார். கால் தடுமாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை.

"வெறியில நிண்டுகொண்டு வடத்தைத் தொடாதையும், வசீகரன்! விடும் வடத்தை!"

ஊர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் வடத்தை விட்டுவிட்டு மதிலோரம் போய் நின்றார். வாழ்நாளில் ஒரு துளி மது தொடாத மனிதர்!

சிவகுரு அண்ணை, அன்று அப்படிக் கத்திய உங்களைக் குற்றம் சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெண்கள் பக்கத்தில், நாலு அடி தள்ளி, அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பறவாயில்லை, தங்கச்சி. பிழை விட்டாத்தானே என்ர நம்பரைச் சொல்லுவாங்கள்" என்றார். அவர் என்ன பிழை விட்டார்?

போன மாத அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஜதுர்சனின் தலையும் எதிரணி வீரரின் தலையும் மோதின. ஜதுர்சன் விழுந்து, எழுந்து, எங்கள் கோல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். "எனக்கொண்டுமில்லை, அண்ணை. நான் விளையாடுறன்" என்றார்.

"இதைத்தான்ரா நானும் எட்டு வருசம் சொன்னனான்" என்று, அப்போது எங்கள் பயிற்சியாளராக இருந்த வசீகரன் அண்ணை கோட்டைத் தாண்டி உள்ளே போனார். ஜதுர்சனுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்து அவருடைய தோளில் பட்டது. வெறியன், வெறியன் என்று கத்தினோம். அவர் அசையவில்லை. ஜதுர்சனை வெளியே கொண்டுபோகும்வரை அசையவேயில்லை. பத்துப் பேரோடு ஆடியும் வென்றோம். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் அவரைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கினோம். அந்தக் கூட்டறிக்கை என் கையெழுத்தில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் அவர் ஒன்றைத்தான் கேட்டார். தலையில் அடிபட்டவர் அன்று திரும்ப இறங்கக்கூடாது. வைத்தியர் சம்மதிக்கும்வரை அடுத்த ஆட்டமும் ஆடக்கூடாது. பிறகு பார்ப்போம் என்றோம். ஜதுர்சனுக்கு இன்னும் தலையிடி. வெளிச்சம் பார்க்க ஏலாது என்று அவருடைய அம்மா சொல்கிறார். ஆனால் சனிக்கிழமை இறுதியாட்டப் பட்டியலில் அவருடைய பெயர் ஒன்பதாவதாக இருக்கிறது. என் ஒப்பத்துக்காக அந்தத் தாள் காத்திருக்கிறது.

நான் ஒப்பமிட மாட்டேன். ஜதுர்சனின் பெயரை எடுத்துவிட்டுத் தாருங்கள், இடுகிறேன். வேறு செயலாளரை வைக்க விரும்பினால் வையுங்கள். அவரிடமும் போய் இதையே சொல்வேன். அழகான பேச்சுகளை வசீகரன் அண்ணைக்குப் படைக்க எனக்குத் தெரியாது. நாலு அடி தள்ளி நின்றவள் இனி முன்னால் வந்து நிற்பேன் என்று மட்டும் உறுதி சொல்கிறேன். என்னோடு நிற்க யார் வருகிறீர்கள்?

வசீகரன் அண்ணை, உங்கள் இலக்கத்தை இன்று இந்த ஒலிபெருக்கியில் சொல்கிறேன். ஊர் முழுவதும் திரும்பிப் பார்க்கட்டும்.

எழுபத்தாறு.

பிழை உங்களுடையது அல்ல. எங்களுடையது.