கோட்டைக்குப் பக்கத்துச் சனம்

"நீங்கள் பொய் எழுதியிருக்கிறியள், மாஸ்டர்."

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மிச்சம் என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் இப்படிச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் எழுதிய, போராளிகள் இராணுவத்திடமிருந்து பிடித்த யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையின் வரலாறு அந்தப் பெண்ணின் மடியில் விரிந்து கிடந்தது.

"கோட்டையைச் சுத்தி இருந்த சனமெல்லாம் முதலே வெளிக்கிட்டிட்டுதாம். எங்கட அம்மா அங்க வீட்டிலதானே ஷெல் விழுந்து செத்தவ?"

"வெற்றிக் கதையில அதை எங்க பிள்ளை போடுறது?"

"அவவின்ர முப்பத்தோராம் நாள் சடங்கில குடுத்த நினைவுப் பாட்டுப் புத்தகம், அந்தக் கல்வெட்டை எழுதித் தந்ததே நீங்கள்தான். ஷெல்லடியில போனவ எண்டு அதில வெண்பா பாடத் தெரிஞ்சுது."

"அடுத்த பதிப்பில பாப்பம்."

"அதுக்கு நீங்களும் இருக்கமாட்டியள், நானும் இருக்கமாட்டன். ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவுக்கு வாறன். கோட்டைக்குப் பக்கத்தில எங்கட தெருவில ஆக்கள் இருந்தவையோ, இல்லையோ? சபைக்கு முன்னால, மைக்கில பதில் சொல்லுங்கோ."