சைவப் பன்றிகள்

முதலில் இந்தத் தண்ணீரைக் குடி, வினோதினி. வேங்கிக்கால் வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறாய். துணியில் வடிகட்டிய தண்ணீர்தான்; எங்கள் ஜைன வீடுகளில் அது இன்னும் விட்டுப்போகவில்லை. மேசையில் நீ கவிழ்த்து வைத்த கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். இருக்கட்டும் கண்ணு. நானும் நிதானமாகவே பேசுகிறேன்.

உன் அப்பா பலராமன் வளர்த்த பன்றிகளுக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ நர்சிங் படிக்கிற பெண், உனக்குப் புரியும்.

பன்றிக்கு மூக்கிலும் குளம்போரத்திலும் கொப்புளம் கிளப்புகிற வைரஸ்கள் சில உண்டு. அதில் ஒன்றுதான் கோமாரி. அது மாட்டுக்குத் தாவும். பால் வற்றும், கன்று சாகும். அதனால் கொப்புளத்தைக் கண்டாலே மாடு வைத்திருப்பவர்கள் நடுங்குவார்கள். மற்றவை அத்தனை பொல்லாதவை அல்ல. பன்றி கொஞ்ச நாள் நொண்டும், பிறகு தேறிவிடும். ஆனால் எது எந்த நோய் என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில்தான் தெரியும். அந்த ஆய்வகத்தில்தான் என் தலை நரைத்தது.

ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, வேறொரு மாவட்டத்துப் பன்றிகளின் கொப்புள நீரில் கோமாரி அல்லாத ஒரு வைரஸைக் கண்டேன். இந்தப் பக்கம் யாரும் அதுவரை பார்த்திராதது. கட்டுரை எழுதி அனுப்பினேன். திருப்பிவிட்டார்கள். நோயுற்ற பன்றியில் இருந்தது என்பதற்காக அதுதான் நோயை உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வீர்கள், நலமாக இருக்கும் பன்றிக்கு அதைக் கொடுத்து நோய் வந்ததா என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நானே மற்றவர்களிடம் கேட்டிருக்கிற கேள்வி. ஆனால் பன்றிகளை அடைத்து வைத்துச் சோதிக்கப் பாதுகாப்பான கொட்டகை எங்களிடம் இல்லை என்று அனுமதி மறுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான், பன்றிகளின் ரத்த மாதிரி எடுக்க உதவியாளரோடு உங்கள் கொட்டகைக்கு வந்தேன். என்ன தீனி போடுகிறீர்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன்.

“எல்லாம் சைவம்தான் டாக்டரம்மா. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில அன்னதானம் மிஞ்சினது, மத்த நாள்ல செங்கம் ரோட்டு லாட்ஜுங்கள்ல மிஞ்சினது. ஆசிரமத்துப் பக்கத்துச் சோறு தின்னு தின்னு இதுங்களுக்கு ஞானம் முத்திப்போச்சு. அதோ அந்தக் கெழவியப் பாருங்க, நேத்துலேர்ந்து மௌன விரதம்.”

“கறி, எலும்பு எதுவும் கலக்காதா?”

“அட நீங்க வேற. இந்த ரோட்டுல வெள்ளக்காரனே தயிர் சாதம்தாம்மா துன்றான்.”

நீ கூடச் சிரித்தாய், வாசலில் நின்றுகொண்டு. நானும் சிரித்தேன். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறைச்சி மிச்சம் தின்கிற பன்றிகளுக்கு அதன் வழியாக ஏதாவது நோய் தொட்டுப் போயிருக்கும். உன் அப்பாவின் பன்றிகள், ரத்தத்தில் எந்த நோயின் தடமும் இல்லாமல், கழுவிய சிலேட்டு மாதிரி இருந்தன. நான் தேடிய பன்றிகள் அவை.

பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் வந்தேன். உன் அப்பா குட்டியானை வண்டியிலிருந்து அன்னதானச் சாதத்தை இறக்கி டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தால் நான் எதுவும் சாப்பிடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். “இருங்கம்மா, இருட்டறதுக்குள்ள ஒரு காபி போட்டாரேன்” என்று உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் கொண்டுவந்ததைச் சாம்பார் சாதத்தில் ஊற்றிக் கலந்துவிட்டேன். பிறகு காபி குடித்தேன். நல்ல காபி.

ஊசி போட்டிருக்கலாம். ஆனால் ஓர் உயிரின் உடம்பில் நான் ஊசி குத்தியதே இல்லை. ஆய்வகத்தில்கூட உதவியாளர்தான் குத்துவார். என் தம்பி ஆதிராஜ் இதற்காக என்னைக் கிண்டல் செய்வான். “குத்தறதும் குத்தச் சொல்றதும் ஒண்ணுதாங்கா. நம்ம நூல்ல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியாதா?” என்பான். தெரியும். ஆனால் அந்தப் பன்றிகள் மேல் என் மனத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. கோபமில்லாத இடத்தில் இம்சை ஏது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அவை பசித்துத் தாமாகவே தின்றன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கொப்புளம் நான் நினைத்தபடியே வந்தது. உன் அப்பா போனில் கூப்பிட்டார். “அம்மா, எல்லாம் முட்டி போட்டுத் துன்னுதுங்கம்மா. நிக்க முடியல.” குளம்பு வலித்தால் பன்றி அப்படித்தான் மண்டியிடும். அத்தனை பன்றிகளும் தொட்டிக்கு முன்னால் வரிசையாக மண்டியிட்டிருந்ததை நான் வீடியோ எடுத்தேன். பயப்படாதீர்கள், தானாகத் தேறிவிடும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் நம்பினார்.

பக்கத்து நிலத்தில் மாடு கட்டியிருக்கும் முருகவேல் பார்த்துவிட்டார். விஷயம் பரவியது. கால்நடை மருத்துவர் பிரசாத் வந்தார். மாதிரிகளை என்னிடமே கொடுத்து, “கோமாரியா இல்லையான்னு மட்டும் சீக்கிரம் சொல்லிடுங்க மேடம், ஊர்ல அடங்க மாட்டேங்கறாங்க” என்றார். அன்று மாலையே எனக்கு முடிவு தெரியும். இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஆனால் எழுதினால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் இது என்ன, எங்கிருந்து வந்தது? மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு எடுத்துப்போவார்கள். அதில் இருப்பதும் என் குளிர்பெட்டியில் இருப்பதும் ஒன்றே என்று தெரிந்துவிடும். அதோடு, தேறிய பன்றிகளின் ரத்தமும் எனக்கு வேண்டியிருந்தது. அதுதான் கடைசிச் சான்று. முடிவு இன்னும் வரவில்லை என்று பிரசாத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஊர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. நீ கல்லூரிக்குப் போயிருந்த அன்று ஜேசிபி வைத்துப் பள்ளம் தோண்டினார்கள். முந்தின நாள் நல்ல கோடை மழை. நான் தகவல் தெரிந்து உதவியாளரோடு ஓடினேன். புதைப்பதற்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். எடுத்தும் விட்டோம். பன்றிகளெல்லாம் தேறியிருந்தன, வினோதினி. ஒன்றுகூட நொண்டவில்லை.

உன் அப்பா என்னைப் பார்த்தார். “அம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னா நிறுத்துவாங்கம்மா.”

முருகவேலும் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. “இல்லன்னு சொல்லுங்கம்மா, இப்பவே வண்டியத் திருப்பிடறேன். எனக்கு என்ன, பன்னியப் பொதைக்கணும்னு வேண்டுதலா?”

முடிவு வரவில்லை என்றேன்.

பன்றிகளைத் தள்ளினார்கள். அந்த மௌன விரதக் கிழவி முதல்முறையாகக் கத்தியது. உன் அப்பா “அடியே, இருடி, இருடி” என்றபடி பள்ளத்தில் குதித்து அதைத் தூக்கப் பார்த்தார். ஈர மண். ஒரு பக்கம் அப்படியே சரிந்தது.

எல்லோரும் கையால் தோண்டினார்கள். முருகவேல் அழுதுகொண்டே தோண்டினார். நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அதனால் நானே சொல்கிறேன். ரத்த மாதிரிப் பெட்டி வெயிலில் இருந்தது. அதை எடுத்துப்போய்ப் புளியமரத்து நிழலில் வைத்தேன். ஐஸ் கரைந்திருந்தது. கடைக்குப் போய் ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவரை வெளியே கிடத்தியிருந்தார்கள். வாயில் மண். கொஞ்சம் முன்பு வரை உயிர் இருந்ததாகச் சொன்னார்கள்.

கட்டுரை வெளியாகிவிட்டது. அந்த வைரஸ் கோமாரி அல்ல என்று இனிமேல் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். வேறு ஊரில் வேறு பலராமன்களின் பன்றிகள் பிழைக்கும். இந்த வீட்டில்தான் சரியாக இருக்க முடியவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால், பின்னால் மொசைக் தரையில் முட்டி தேய்த்து ஏதோ நெருங்கி வருகிறது. ஒன்றல்ல, நிறைய. திரும்பினால் எதுவும் இல்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆதிராஜ் வந்து என்னோடு தங்கிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லையாம்.

அழாதே கண்ணு. நான் நிறைய யோசித்துவிட்டேன், எங்கே தப்பு நடந்தது என்று. நான் கணக்குப் போட்டதில் எதுவும் பிசகவில்லை. அந்த மழை மட்டும் ஒரு நாள் தள்ளிப் பெய்திருந்தால், யாருக்கும் எந்தத் தீங்கும் வந்திருக்காது.