வெங்காயம் இல்லாத வீடு

சுங்கை காடுட்டிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சின்னவள் சொன்னாள்:

“எங்க வீட்டுல இனிமே வெங்காயமே கிடையாதுக்கா. நாய்க்கு விஷமாம்.”

“நாய்க்குத்தானே?”

“அது எங்க வீட்டுக்காரரு தட்டுலேர்ந்துதானே தின்னுது. வெங்காய சாம்பாரைத் தின்னுட்டு எழுந்திரிக்கவே இல்ல. கிளினிக்ல மூணு நாள் வச்சுத்தான் பிழைச்சுது. இவரு அங்கேயே உக்காந்து அழுதாரு.”

“பாவம்லா.”

“பிரஷருக்கு உப்பைக் குறைங்கன்னு வருஷக்கணக்கா கத்துறேன். கேட்டாரா?”

“நாய்க்கு உப்பும் ஆகாதுன்னு சொல்லிடு.”

“நேத்தே சொல்லிட்டேன். உப்பில்லாத பருப்புச் சோத்தை இவரு ஒரு வார்த்தை பேசாம சாப்பிட்டாரு. நாய்தான் மோந்து பார்த்துட்டு எழுந்து போயிடுச்சு.”